ஊதாச் சீட்டு

பெட்டி வந்த அன்று துலூத்தில் மைனஸ் இருபத்தொன்று.
ஒட்டுநாடாவைக் கிழிக்கக்கூட விரல் மடங்கவில்லை.
நான்கு மாதமாக நீலச் சீட்டுக்குக் காத்திருந்தேன்.
கண்ணாடிபோல் பிளாஸ்டிக் கூடு, அதற்குள்
‘செம்புக் குளவி’, பதினான்காம் இதழ்,
தலைமேல் ஊதா.

ஊதா என்றால் விவரம் தெரிந்தவன் உதட்டைப் பிதுக்குவான்.
யாரோ கைவைத்த புத்தகம் என்று பொருள்.
எட்டரை மதிப்பெண் போட்டுவிட்டு
கீழே பொடி எழுத்தில்:
முதுகோரம் சிறிதளவு கறுப்பு மை பூசப்பட்டுள்ளது.
கற்றுக்குட்டி வேலை.

அன்றிரவே எழுதினேன்:
ஐயா, அல்லது அம்மா,
இதை மருந்துக்கடைச் சுழல்தாங்கியிலிருந்து
பதினைந்து சென்ட்டுக்கு வாங்கியவன் நானே.
எனக்கு அப்போது பதின்மூன்று வயது.
இரவல் தந்ததில்லை. இதைப் படிக்கையில்
சோளப்பொரி தின்றதில்லை.
முப்பத்தொரு வருடம் இரும்புத்தாதுத் துறையில்
கிரேன் ஓட்டியவன் நான்,
ஒரு திருகாணி தளர்ந்தால் காதாலேயே சொல்வேன்.
என் புத்தகத்தின் முதுகு எனக்குத் தெரியாதா?
உங்கள் ஆள் அச்சு மையைப் பார்த்து மிரண்டிருக்கிறார்.
மறுபடி பாருங்கள்.
மறுபடி காசு கேட்காதீர்கள்.

ஃபுளோரிடாவிலிருந்து மாரிசோல் என்றொருத்தி கூப்பிட்டாள்.
பின்னால் மின்விசிறிச் சத்தம்; அதுவே எரிச்சலாக இருந்தது.
“புற ஊதா விளக்கில் வைத்தோம், மிஸ்டர் கங்காஸ்.
அச்சுக் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.
இது மட்டும் செம்பழுப்பு. மூன்று மில்லிமீட்டர்.
மூன்று பேர் பார்த்தோம்.”
“மூன்று பேருக்கும் கண் சரியில்லை” என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
“அந்த வீட்டில் வேறு யாரும் இருந்தார்களா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஷ்லண்டிலிருந்து தங்கை ஐலி,
அவள் வீட்டுக் கொதிகலன் மக்கர் செய்வதைச் சொல்ல.
நடுவே என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன்.
மறுமுனை அமைதியானது.
கொதிகலன்தான் மறுபடி நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“அது, குளவி கோபுரத்தில் தலைகீழாகத் தொங்குமே,
அந்த அட்டையா?”
“உனக்கெப்படித் தெரியும்?”
“நீயும் அப்பாவும் பனியில் ஓட்டை போட்டு
மீன்பிடிக்கப் போயிருந்தீர்கள்.
என் ஸ்கேட்டிங் பிளேடு அதன்மேல் விழுந்தது.
வெள்ளையாக ஒரு கீறல், ரெய்னோ.
அம்மா ஜாம் ஜாடிக்குப் பெயர் எழுதும் பேனா இருந்தது.
தீக்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டு வைத்தேன்,
மூச்சை அடக்கிக்கொண்டு, மத்தியானம் முழுக்க.
எனக்கு எட்டு வயது.
தெரிந்திருந்தால் நீ என்னைக் கொன்றிருப்பாய்.”

கொன்றிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு,
ஊருக்கே தெரியும்.
இவள் ஒரு கடுகை இருட்டில் மறைத்திருக்கிறாள்.

ஏரிக்கரையில் ஒளிரும் கல் பொறுக்க வாங்கிய
டார்ச் ஒன்று கராஜில் கிடந்தது.
விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன்.
இருந்தது.
துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக,
இறக்கையின் கோடு முடியும் இடத்தில்
அச்சு மெலிவதுபோலவே மெலிந்து.
எட்டு வயதில்
கோடு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.
டார்ச்சை அணைத்தேன். காணோம்.
மறுபடி அடித்தேன்.
பாட்டரி தீரும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

மாரிசோல் அம்மையாருக்கு,
புகாரைத் திரும்பப் பெறவில்லை, திருத்துகிறேன்.
ஊதா இருக்கட்டும். எட்டரையும் இருக்கட்டும்.
உங்கள் மூவர் கண்ணுக்கும் ஒரு குறையுமில்லை.
பூசியவர் கிடைத்துவிட்டார்.
ஆனால் ஐம்பத்து மூன்று வருடம்
என் கண் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது,
திருகாணிக் காது படைத்த என் கண்.
ஆகவே ‘கற்றுக்குட்டி’ என்ற ஒரு சொல்லை மட்டும் எதிர்த்து
இந்த மேல்முறையீடு.
மறுபரிசீலனைக் கட்டணத்துக்கான காசோலை
இத்துடன் உள்ளது.